பயிர் நாடு மாறியது, ஆள் ஊர் மாறினார்: ஆசிய வரைபடத்தில் பேராக் தமிழர்

2025 ஜூலை 31ஆம் தேதி பிரதமர் டத்தோ ஸ்ரீ அன்வார் இப்ராஹிம் நாடாளுமன்றத்தில் 13ஆவது மலேசியத் திட்டத்தைத் தாக்கல் செய்தார். அதில் உள்ள ஓர் இலக்கு நம் ஊர்களில் அதிகம் பேசப்பட்டது. நாட்டின் மொத்தத் தொழிலாளர்களில் அந்நியத் தொழிலாளர்களின் பங்கை 2030க்குள் 10 விழுக்காட்டுக்கும் 2035க்குள் 5 விழுக்காட்டுக்கும் குறைப்பதே அந்த இலக்கு. இதுவரை இருந்த வரம்பு 15 விழுக்காடு. முறையான அனுமதியுடன் இங்கே வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்கள் மட்டும் ஏறக்குறைய 24 லட்சம் பேர்.

சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் புந்தோங்கிலும் இந்தச் செய்தியைப் பற்றி இரண்டு விதமான பேச்சைக் கேட்க முடிகிறது. "இனிமேலாவது நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்" என்பது ஒன்று. "அந்த வேலைக்கு, அந்தச் சம்பளத்துக்கு நம் பிள்ளை போவானா?" என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பேராக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. ஆசியக் கண்டத்தில் எந்த நாட்டில் எத்தனை பேர், எவ்வளவு நிலம், என்ன வருமானம் என்று பார்க்க வேண்டும். நம் பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றியதும், தோட்டத்தை விட்டு நம்மை வெளியேற்றியதும், இன்று நம் பிள்ளைகளைச் சிங்கப்பூர் பஸ்ஸில் ஏற்றுவதும் அந்தக் கணக்குதான்.

*மக்கள், நிலம், வருமானம்*

உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் ஆசியாவில் வாழ்கிறார்கள். ஆனால் அவர்கள் சமமாகப் பரவியிருக்கவில்லை. மலேசியாவின் பரப்பு ஏறக்குறைய 3 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 3 கோடியே 40 லட்சம். வங்காளதேசத்தின் பரப்பு அதில் பாதிக்கும் குறைவு. மக்களோ சுமார் 17 கோடி. ஒரு சதுர கிலோமீட்டருக்கு இங்கே ஏறத்தாழ 100 பேர் என்றால் அங்கே ஆயிரத்துக்கும் மேல். பேராக் மாநிலம் 21 ஆயிரம் சதுர கிலோமீட்டர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 25 லட்சம் பேர். சிங்கப்பூரோ பேராக்கின் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே 60 லட்சம் பேர்.

அடுத்தது வருமானம். உலக வங்கியின் 2023 கணக்கில் ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியை மக்கள் எண்ணிக்கையால் வகுத்தால், ஆளுக்கு நேப்பாளத்தில் சுமார் 1,300 அமெரிக்க டாலர், வங்காளதேசத்திலும் இந்தியாவிலும் சுமார் 2,500, இந்தோனேசியாவில் சுமார் 4,900, தாய்லாந்தில் சுமார் 7,000, மலேசியாவில் 11 ஆயிரத்துக்கு மேல், சிங்கப்பூரில் 80 ஆயிரத்துக்கு மேல். இது ஆளுக்கு ஆள் கையில் வாங்கும் சம்பளம் இல்லை, ஒரு சராசரிதான். இருந்தாலும் மேடு எது பள்ளம் எது என்று காட்டப் போதும்.

டாக்காவிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தால் இந்தச் சராசரி நான்கு மடங்குக்கு மேல் உயர்கிறது. ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்குப் போனால் ஏழு மடங்கு. ஆக, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்ட வரும் வங்காளதேசியும், ஜொகூர் பாலம் கடந்து வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளையும் ஒரே கணக்கைப் போட்டுத்தான் கிளம்புகிறார்கள். முன்னவருக்கு நாம் மேடு. பின்னவருக்கு நாம் பள்ளம்.

*நம்மைக் கொண்டுவந்த கணக்கு*

இதே கணக்குதான் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து நம்மவர்களைக் கொண்டுவந்தது. அங்கே ஆள் அதிகம், கூலி குறைவு, பஞ்சம் அடிக்கடி. இங்கே நிலம் அதிகம், ஆள் குறைவு.

பேராக்கில் கித்தாவுக்கு முன்பே தமிழர்கள் உழைத்திருக்கிறார்கள். பாரிட் புந்தார், பாகான் செராய் பக்கம் கிரியான் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்த கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அவர்கள். கித்தா பின்னால் வந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகளைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்றும் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. மோட்டார் கார்கள் பெருகி டயருக்குக் கிராக்கி ஏற்பட்டதும், அந்தச் சில மரங்களின் வம்சம் மலாயாவின் மேற்குக் கரை முழுவதும் பரவியது.

மரம் பிரேசிலுடையது, முதலீடு பிரிட்டனுடையது, நிலம் மலாயாவினுடையது, உழைப்பு நம்முடையது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்யும்வரை இந்த வரத்து தொடர்ந்தது. "கித்தா" என்று நாம் சொல்லும் சொல்லே மலாய் மொழியின் "கெத்தா"விலிருந்து வந்தது. தமிழ்நாட்டுக்காரருக்கு அது விளங்காது. பேராக்கில் அதை அறியாத தமிழர் வீடு இல்லை.

அப்போது பேராக் சாதாரண மாநிலமும் இல்லை. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம், சுற்றிலும் கித்தா. 1957 கணக்கெடுப்பில் மலாயாவிலேயே மக்கள் அதிகமாக இருந்த மாநிலம் பேராக். 12 லட்சத்துக்கும் மேல். கோலாலம்பூரையும் சேர்த்துக்கொண்ட சிலாங்கூரே அதற்குப் பின்னால்தான் இருந்தது.

*கித்தா எங்கே போனது?*

மலேசியாவின் இயற்கை ரப்பர் உற்பத்தி உச்சத்தில் இருந்தது 1988இல். ஏறக்குறைய 16 லட்சத்து 60 ஆயிரம் டன். அப்போது உலகில் முதலிடம் நமக்கு. 2023இல் அது சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் டன்னாகக் குறைந்துவிட்டது. இன்று முதலிடத்தில் இருப்பது தாய்லாந்து; ஆண்டுக்கு 45 லட்சம் டன்னுக்கு மேல். இந்தோனேசியா அடுத்து. வியட்நாம் பத்து லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டும் அந்த அளவைக் கடந்து முன்வரிசைக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகுக்கு ரப்பர் கையுறை செய்து கொடுப்பதில் மலேசியா இன்னும் முன்னணி நாடு. பேராக்கில் தைப்பிங், கமுண்டிங் பக்கம் கையுறைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வேண்டிய பால் நம் மரங்களிலிருந்து போதுமான அளவு வருவதில்லை. நாட்டின் சொந்த உற்பத்தியைவிடப் பல மடங்கு அதிகமாக, தாய்லாந்து, ஐவரி கோஸ்ட் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறோம். கோலகங்சாரில் முதல் மரம் நட்ட மாநிலம் இன்று வெளிநாட்டுப் பாலில் கையுறை செய்கிறது.

ஏன் இப்படி? கித்தா விலை நிலையில்லாமல் ஆடியது. செம்பனையில் லாபம் அதிகம், ஆள் தேவை குறைவு. இரண்டு மூன்று எக்டர் கித்தாவுக்கு ஒரு பால்வெட்டுத் தொழிலாளி வேண்டும். செம்பனையில் எட்டுப் பத்து எக்டரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். கித்தா மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட அன்றே மூன்று குடும்பங்களில் இரண்டுக்கு அந்தத் தோட்டத்தில் வேலை இல்லை என்று எழுதியாகிவிட்டது. பெருநகரங்களுக்கு அருகில் இருந்த நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது.

கித்தா தளர்ந்த அதே காலத்தில் ஈயமும் விழுந்தது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்ததும் கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கித்தாவும் ஈயமும் ஒன்றாகத் தளர்ந்தபோது ஈப்போவிலிருந்தும் கம்பாரிலிருந்தும் இளைஞர்கள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பினாங்குக்கும் புறப்பட்டார்கள். அந்தப் போக்கு இன்னும் நிற்கவில்லை.

*நிலம் வைத்திருந்தவரும் இல்லாதவரும்*

தாய்லாந்திலும் கித்தா விலை விழுகிறது. அங்கேயும் பால்வெட்டுபவர்கள் கஷ்டப்படுகிறார்கள்; விலை சரியும்போது சாலை மறியலில் இறங்குகிறார்கள். ஆனால் நமக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தாய்லாந்துக் கித்தாவில் மிகப் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களுடையது. சில ஏக்கர் ஒரு குடும்பத்தின் பெயரில் இருக்கும். விலை விழுந்தால் அந்தக் குடும்பம் மரத்தை வெட்டிவிட்டு டுரியான் நடலாம், செம்பனை நடலாம், நிலத்தை விற்கலாம், காத்திருக்கலாம். வீடு அவர்களுடையது.

பேராக் தோட்டத்துத் தமிழருக்கு மரமும் நிலமும் சொந்தமில்லை. குடியிருந்த லயத்து வீடும் கம்பெனியுடையது. ஆயக்கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் தோட்டத்து எல்லைக்குள். ஆகவே, பயிர் மாறியபோது நாம் இழந்தது வேலை மட்டும் இல்லை. வீடு, பள்ளி, கோயில், சுடுகாடு, அக்கம்பக்கம் என்று ஒரு முழு ஊரையே ஒரே நேரத்தில் இழந்தோம்.

மலேசியாவிலும் ஏழைக்கு நிலம் கொடுத்த திட்டம் இருந்தது. 1956இல் தொடங்கிய ஃபெல்டா காட்டைத் திருத்தி, குடும்பங்களைக் குடியேற்றி, நிலத்தை அவர்களுக்கே உரிமையாக்கியது. பேராக்கில் துரோலாக், பெசோட் பக்கம் இன்றும் அந்தக் குடியிருப்புகளைப் பார்க்கலாம். கித்தா வெட்டுவதில் தலைமுறை அனுபவம் கொண்ட தோட்டத்துத் தமிழர்களுக்கு அதில் கிடைத்த இடம் மிகச் சிறியது.

நம் சமூகம் தானாகவே ஒரு வழி தேடியதும் உண்டு. 1950களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைத் தன் அரசியல் தளமாகக் கொண்ட துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கியது. இன்று திரும்பிப் பார்த்தால் அந்தத் திட்டத்தின் அடிப்படை எண்ணம் சரியாகவே இருந்தது: உழைப்பவரின் பெயரில் நிலம் இருந்தால்தான், பயிர் மாறினாலும் அவர் நிற்க ஓர் இடம் இருக்கும். ஆனால் துண்டாடப்பட்ட மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் வாங்க முடிந்தது கொஞ்சம்தான்.

இதே நேரத்தில் இன்னோர் அடியும் விழுந்தது. 1969 மே கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபோது ஏறக்குறைய 60 ஆயிரம் இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். நம் வீடுகளில் பலருக்கு, அப்போது கப்பலேறிய ஒரு பெரியப்பா குடும்பமோ சித்தி குடும்பமோ உண்டு.

பயிர் போகாமல் இருந்திருந்தால் நிலைமை நன்றாக இருந்திருக்குமா? இலங்கை மலையகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. தேயிலை அங்கேயே இருக்கிறது. கொழுந்து பறிக்க இன்னமும் கை வேண்டும். ஆனால் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பெரும்பாலான குடும்பங்கள் இன்றும் லயன் அறைகளில். நாள் சம்பளம் 1,000 இலங்கை ரூபாயைத் தொடவே 2021வரை போராட வேண்டியிருந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வரலாறு வேறு. பயிர் போனாலும் இருந்தாலும், சொந்த நிலமும் கைத்தொழிலும் இல்லாத உழைப்பாளியின் நிலை ஒன்றுதான் என்பதை இரண்டு நாட்டுத் தமிழரும் காட்டுகிறோம்.

*வங்காளதேசி நம் வேலையைப் பறித்தாரா?*

இந்தக் கேள்வியை நேராகவே பார்க்கலாம். தோட்டங்களில் சம்பளம் உயர வேண்டிய காலம் 1970களின் பிற்பகுதியும் 1980களும். இலவச வர்த்தக மண்டலங்களில் தொழிற்சாலைகள் திறந்தன. இளைஞர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். ஆள் பற்றாக்குறை வந்தால் கூலி ஏற வேண்டும். அது சந்தையின் இயல்பு. ஆனால் அப்போது குத்தகைக்காரர்கள் வழியாக இந்தோனேசியத் தொழிலாளர்கள் தோட்டத்துக்குள் வந்தார்கள். 1990களிலிருந்து வங்காளதேசம், பின்னர் நேப்பாளம். ஏற வேண்டிய கூலி ஏறாமல் நின்றது. அந்த வகையில் நம்மவர்களின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதற்கு யார் பொறுப்பு? தாக்கா விமான நிலையத்தில் கடன் பத்திரத்தோடு நிற்கும் 22 வயதுப் பையன் மலேசியத் தோட்டத்தின் கூலியை நிர்ணயிக்கவில்லை. பல்லாயிரம் ரிங்கிட்டை ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனை அடைக்கவே முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் உழைப்பவர் அவர். கங்காணியிடம் முன்பணம் வாங்கி வந்த நம் முன்னோரின் கதையும் இதுதான். கூலியைக் கீழே வைத்திருந்தது, மலிவான ஆள் எங்கிருந்தாவது வந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் நடந்த தொழில்முறை. அந்த நம்பிக்கைக்கு அனுமதி கொடுத்தது கொள்கை.

இதனால் நாட்டுக்கே நஷ்டம் வந்தது. கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் 2020 ஜூலையில் அமெரிக்கா, உலகின் மிகப் பெரிய கையுறை உற்பத்தி நிறுவனமான டோப் குளோவின் மலேசியத் தயாரிப்புகளுக்குத் தடை விதித்தது. 2021 செப்டம்பரில்தான் அது நீங்கியது. அந்நியத் தொழிலாளியின் தங்குமிடமும் கடனும் சரியில்லை என்றால் அது நம் ஏற்றுமதியையும் தொடும் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. 2025 அக்டோபர் முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப் கட்டாயம். முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. இந்தச் சட்டங்கள் எந்த அளவுக்கு நடைமுறையில் நிற்கின்றனவோ அந்த அளவுக்கு உள்நாட்டுத் தொழிலாளிக்கும் பேரம் பேசும் பலம் கூடும். ஆகவே வங்காளதேசிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நமக்கு எதிரானது இல்லை.

*வெள்ளிக்கிழமை இரவு பஸ்*

இனி நம் பக்கத்துக் கணக்கு. 1957இல் மக்கள் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த பேராக்கில் இன்று 25 லட்சம் பேர். சிலாங்கூரில் மட்டும் 70 லட்சத்தை ஒட்டி. 65 வயதைக் கடந்தோரின் விகிதத்தில் பேராக் நாட்டின் முதல் வரிசையில் நிற்கிறது. பிறப்பு குறைந்தது ஒரு காரணம். பிறந்தவர்கள் வெளியே போவது இன்னொரு காரணம்.

ஈப்போ அமான்ஜெயா நிலையத்தில் வாரக் கடைசியில் நின்று பார்த்தால் இந்தப் புள்ளிவிவரம் கண்ணுக்குத் தெரியும். ஜொகூர் பாருவிலிருந்து வந்து இறங்குபவர்களும், ஞாயிறு மாலை திரும்பிப் போகிறவர்களும் பெரும்பாலும் இருபது, முப்பது வயதுக்காரர்கள். 1973வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். இங்கே 2,000 ரிங்கிட் வாங்கும் பிள்ளை அங்கே அதே எண்ணை அந்த நாட்டு வெள்ளியில் வாங்கினால் யார் தடுக்க முடியும்? தடுக்கவும் கூடாது. அந்தப் பணத்தில்தான் இங்கே வீட்டுக் கடன் அடைகிறது, தங்கை கல்லூரிக்குப் போகிறாள்.

ஆனால் அந்த வரவோடு ஒரு செலவும் வருகிறது. மலேசிய இந்தியர்களின் கருவள விகிதம் ஒரு பெண்ணுக்கு 1க்குச் சற்று மேல்தான். மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். 1957இல் மலாயா மக்களில் இந்தியர் ஏறக்குறைய 11 விழுக்காடு. இன்று மலேசியக் குடிமக்களில் 7 விழுக்காட்டுக்கும் கீழ். பேராக்கில் இன்னும் 12 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறோம். சிலாங்கூருக்கு அடுத்து நம்மவர்கள் அதிகமாக வாழும் மாநிலம் இதுதான்.

தமிழ்ப்பள்ளிகளில் இது முதலில் தெரிகிறது. நாட்டின் 520க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் 134 பேராக்கில் உள்ளன. வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அவற்றில் பல இன்னமும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தோட்டத்தைச் சுற்றிலும் செம்பனை. லயத்தில் ஆள் இல்லை. மாணவர்கள் வேனில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வருகிறார்கள். 150 மாணவர்களுக்குக் குறைந்த பள்ளிகள் ஒரு பக்கம். முப்பதுக்கும் குறைந்து, இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் நடத்த வேண்டிய பள்ளிகள் இன்னொரு பக்கம். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். இப்போது 80 ஆயிரம் அளவில்தான் இருக்கிறார்கள். பெற்றோர் மொழிப்பற்று குறைந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. பிள்ளைகள் பிறக்கும் இடமும் பள்ளி இருக்கும் இடமும் வேறு வேறாகிவிட்டன.

*ஆள் அனுப்பும் நாடுகளும் மூப்படைகின்றன*

இந்தக் கணக்கு இனி மாறப் போகிறது. 2023இல் இந்தியா சீனாவை மிஞ்சி உலகின் மிக அதிக மக்கள்தொகை கொண்ட நாடானது. சீனாவின் மக்கள்தொகை 2022 முதல் சுருங்குகிறது. ஜப்பான் அதற்கு முன்பே சுருங்கத் தொடங்கிவிட்டது. தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை. தாய்லாந்திலும் பிறப்பு மிகக் குறைவு. தென் தாய்லாந்தின் கித்தா மரங்களில் பால் வெட்டுவதற்கே மியன்மாரிலிருந்து ஆள் வருகிறார்கள்.

நம் பூர்வீக மண்ணான தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கில் அதன் கருவள விகிதம் 1.4. ஒரு காலத்தில் கூலிகளைக் கப்பலேற்றிய தமிழ்நாடு, இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வரவழைக்கிறது. வங்காளதேசத்திலும் நேப்பாளத்திலும் ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தை என்ற அளவுக்கு வந்தாகிவிட்டது.

இதன் பொருள் என்ன? ஜப்பானும் கொரியாவும் தைவானும் இனி மலேசியாவோடு போட்டி போட்டு அதே நேப்பாளியையும் வியட்நாமியரையும் இந்தோனேசியரையும் அழைக்கும். அவர்கள் கொடுக்கும் சம்பளம் அதிகம். மலிவான ஆள் கடலளவு இருக்கிறார்கள் என்ற நினைப்பில் நூறு ஆண்டுகளாக நடந்த தோட்டத் தொழிலுக்கும், கட்டுமானத்துக்கும், தொழிற்சாலைகளுக்கும் அந்த வசதி குறையத் தொடங்கிவிட்டது. 13ஆவது மலேசியத் திட்டத்தின் 5 விழுக்காடு இலக்கு நிறைவேறுமோ இல்லையோ, ஆசியாவின் பிறப்புக் கணக்கு அந்தத் திசையில்தான் தள்ளுகிறது. முதலாளிக்கு இரண்டே வழி: இயந்திரம் வாங்குவது அல்லது சம்பளத்தை உயர்த்துவது. இரண்டுக்கும் தேவைப்படுவது பயிற்சி பெற்ற உள்நாட்டு ஆள்.

*பேராக்கில் என்ன இருக்கிறது?*

நம் பிள்ளைகள் வாய்ப்பே இல்லாத மாநிலத்தில் பிறக்கவில்லை. ஈப்போவில் கார்செம், யூனிசெம் போன்ற சிப் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. உலகச் சிப்புகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் மலேசியாவின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடு. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60 ஆயிரம் பொறியியலாளர்களைப் பயிற்றுவிக்கப் போவதாகச் சொல்கிறது. தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் இருக்கிறது. 2017இல் அதன் 49.9 விழுக்காட்டுப் பங்கைச் சீனாவின் ஜீலி வாங்கியபின், அவ்வட்டாரத்தை மோட்டார் வாகன உயர்தொழில்நுட்பப் பள்ளத்தாக்காக வளர்க்கும் திட்டம் நடக்கிறது. லுமுட் அருகே தெலுக் ரூபியாவில் 2014 முதல் பிரேசிலின் இரும்புத் தாது இறங்கி, ஆசிய நாடுகளுக்குப் பிரிந்து போகிறது. கரும்புத் தோட்டங்கள் இருந்த கிரியானில் பசுமைத் தொழிற்பூங்கா திட்டமிடப்பட்டுள்ளது.

பயிற்சிக்கும் இடமுண்டு. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969 முதல் ஈப்போவில்தான் இருக்கிறது. ஈப்போவில் தொழிற்பயிற்சிக் கழகம், தைப்பிங்கில் அட்தெக், கம்பாரில் உத்தார், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம். எஸ்பிஎம் முடித்த பிள்ளை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடங்கள் இவை.

இடையில் உள்ள ஓட்டையைத்தான் நாம் அடைக்க வேண்டும். எஸ்பிஎம் முடித்ததும் உடனே சம்பளம் வருகிறதே என்று பொருள் விநியோகத்துக்கும் பாதுகாவலர் வேலைக்கும் போகும் பையன், இரண்டு ஆண்டு டிப்ளோமா படித்தவனை 25 வயதில் பிடிக்க முடியாமல் போகிறான். குடும்பத்தின் அவசரம் புரிகிறது. ஆனால் சான்றிதழ் இல்லாத உழைப்பு, நிலம் இல்லாத பால்வெட்டைப் போன்றதுதான். தொழில் மாறும் நாளில் கையில் எதுவும் மிஞ்சாது. வெல்டிங், மின்னியல், இயந்திரப் பராமரிப்பு இவற்றில் சான்றிதழ் வைத்திருப்பவர் ஈப்போவிலும் வேலை கேட்கலாம், சிங்கப்பூரிலும் கேட்கலாம். போவதா இருப்பதா என்பதை அப்போது அவரே தீர்மானிப்பார்.

சமூக இயக்கங்களும் ஆலய நிர்வாகங்களும் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, ஐந்தாம் படிவ மாணவர்களைத் தேர்வு முடிந்த அடுத்த மாதமே பெற்றோருடன் மேற்சொன்ன கழகங்களுக்கு ஒரு பஸ்ஸில் அழைத்துப் போவது. விண்ணப்ப பாரத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டாவது, ஆள் இல்லாத தோட்டத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளியின் உரிமத்தைக் குடும்பங்கள் குடியேறியிருக்கும் தாமான்களுக்கு மாற்றக் கேட்பது. பள்ளி மூடப்பட்டபின் கேட்டால் உரிமமே இருக்காது; மாணவர்கள் இருக்கும்போதே மனு போட வேண்டும். மூன்றாவது, லயத்தில் இன்னும் மீதமிருக்கும் முதிய தொழிலாளர்களுக்கு வீட்டு உரிமை. தோட்டம் கைமாறும் செய்தி வந்தபின் ஓடுவதைவிட, கைமாறுவதற்கு முன்பே மாநில அரசிடமும் நிர்வாகத்திடமும் எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. அந்நியத் தொழிலாளர்களை 5 விழுக்காடாகக் குறைப்பது என்ற இலக்கோடு, அந்த இடங்களுக்கு வரும் உள்நாட்டினருக்கு என்ன சம்பளம், என்ன பயிற்சி என்ற இலக்கும் சேர்ந்து வர வேண்டும். அது இல்லாவிட்டால் ஆள் பற்றாக்குறை என்று கூக்குரல் எழும்பும், மறுபடியும் அனுமதி திறக்கப்படும், கூலி மறுபடியும் கீழே நிற்கும். இதை நாம் முன்பே பார்த்துவிட்டோம்.

கித்தா எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்பதை நம்மால் முடிவு செய்ய முடியவில்லை. வங்காளதேசத்தில் எத்தனை பிள்ளை பிறக்க வேண்டும் என்பதும் நம் கையில் இல்லை. 134 பள்ளிகள் எங்கே நிற்க வேண்டும், இந்த ஆண்டு எஸ்பிஎம் எழுதும் பிள்ளைகள் அடுத்து எங்கே போய்ச் சேர வேண்டும் என்பவற்றில் மட்டும் இன்னும் நமக்கு ஒரு குரல் இருக்கிறது. உங்கள் வட்டாரப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் அடுத்து எப்போது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.